சில்லு அட்டை வீட்டுக் கணினிக்கு வந்த வழி

சிம் கார்டில் தினமும் பார்க்கும் அந்தப் பொன்னிறச் சில்லு முதலில் மோதிரத்தில் ஏறுவதாக இருந்தது. 1974-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிரெஞ்சுக்காரர் ரோலாந் மொரேனோவின் யோசனை அது. அவருக்கு முன்பே ஜெர்மனியில் டெட்லாஃப், குரோட்ருப் என்ற இருவர் இதே வழியில் சிந்தித்திருந்தார்கள். ஆனால் மொரேனோவின் சில்லுக்கு நினைவில் வைத்துக்கொள்ளத்தான் தெரியும், கணக்குப் போடத் தெரியாது. அதற்குள் செயலியைக் கொண்டுவந்தவர் புல் நிறுவனத்தின் மிஷேல் யூகோன். அட்டையின் உண்மையான பிறப்பு அதுதான் என்பேன்.

1983-ல் பிரான்சின் டெலிபோன் பூத், 1991-ல் சிம். வங்கி அட்டையிலும் சில்லு ஏறியது. விண்டோஸ் 2000 வந்தபோது அலுவலகக் கணினியையும் அட்டையால் திறக்க முடிந்தது. வீட்டுக்கு வரத்தான் தாமதம். விண்டோஸ் இந்த வசதியை நிறுவன டொமைனோடு, அதாவது மைய சர்வர் நிர்வகிக்கும் வலைப்பின்னலோடு, கட்டிவைத்தது. வீட்டில் டொமைனுக்கு எங்கே போவது? லினக்ஸில் வழி உண்டு, மூன்று மென்பொருள்கள் சேர்ந்தால். பிசிஎஸ்சிடி அட்டை ரீடரோடு பேசும், ஓப்பன்எஸ்சி அட்டையின் மொழியைப் புரிந்துகொள்ளும், பேம் வாசலில் நின்று அனுமதிக்கும்.

ரீடரில் அட்டையைச் செருகியதும் நடப்பது அழகானது. அட்டைக்குள் பேட்டரி கிடையாது. ஒரு தகட்டில் மின்சாரம், இன்னொன்றில் கடிகாரத் துடிப்பு, பேச்சு முழுவதும் வேறொரு தகடு வழியாக. நீங்கள் அடிக்கும் பின் எண்ணை அட்டையே சரிபார்க்கிறது. தொடர்ந்து தவறாக அடித்தால், பெரும்பாலும் மூன்றாவது முறையில், பூட்டிக்கொள்கிறது. சரியாக இருந்தால், கணினி நீட்டும் சீரற்ற எண்ணுக்குத் தன் ரகசியச் சாவியால் உள்ளேயே கையெழுத்திட்டுத் திருப்புகிறது. உள்ளேயே பிறந்த சாவி வெளியே வருவதே இல்லை. கணினிக்குள் எவன் புகுந்தாலும் அதை நகலெடுக்க முடியாது. கடவுச்சொல்லுக்கு இந்தப் பலம் ஒருபோதும் வாய்க்காது.

அந்தப் பிறப்பிலேயே ஒருமுறை கோளாறு நேர்ந்தது. 2017-ல் செக் ஆய்வாளர்கள், இன்ஃபினியான் நிறுவனத்தின் சில சில்லுகள் சாவியை உருவாக்கும் விதத்தில் குறை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ரகசியச் சாவிக்கு ஜோடியாக வெளியே தரப்படும் பொதுச் சாவியிலிருந்தே அந்த ரகசியச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். எஸ்டோனியாவில் சுமார் 7,60,000 அடையாள அட்டைகள் பாதிக்கப்பட்டு, அவற்றின் சான்றிதழ்களைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. பழைய அட்டையை மலிவாக வாங்குகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

வீட்டில் அமைக்கப் போகிறீர்களா? பேம் கோப்பைத் தொடும்முன் ரூட் உரிமையோடு ஒரு டெர்மினலைத் திறந்தே வையுங்கள். அட்டை வேலை செய்வது உறுதியாகும்வரை கடவுச்சொல் வழியை அடைக்காதீர்கள். இரண்டாவது அட்டையையும் பதிவுசெய்து பீரோவில் பூட்டி வையுங்கள்.