பிசின் பஞ்சும் சுருங்கிய மரபணுத்தொகுதியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பருத்தியின் வரலாற்றில் இரு வேறு பணிகளை ஏற்ற ஊர்கள். முன்னதில், 1936ஆம் ஆண்டு பி.ஏ.சி. இராமசாமி ராஜா நிறுவிய இராஜபாளையம் மில்ஸை அடுத்து நூற்பாலைகள் பெருகின. பின்னதில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம், ஊர்ப்பெயரின் சுருக்கமான எஸ்.வி.பி.ஆர். என்னும் வரிசையில் புதிய ரகங்களை வெளியிட்டது. கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணியும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்துசேர்ந்த கம்போடியாப் பருத்தியும் இவ்வட்டாரத் தொழிலுக்கு முன்வரலாறாக அமைந்தன.

பருத்திக்காட்டுக்கும் ஆலைக்கும் பொதுவான தொல்லை பிசின் பஞ்சு. இலையின் அடிப்புறத்தில் அடையும் அசுவினியும் வெள்ளை ஈயும் செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையைத் தேன்துளிகளாகக் கழிக்கின்றன. அது வெடித்த காய்களின் மேல் படிந்து கரும்பூசணத்துக்கு இடமளிப்பதோடு, நூற்கும்போது பஞ்சை உருளைகளில் ஒட்டவும் செய்கிறது. சாற்றில் சர்க்கரை மிகுதி. உயிருக்கு இன்றியமையாத அமினோ அமிலங்களோ, அதாவது புரதத்தைக் கட்டும் அடிப்படைக் கூறுகளோ, மிகக் குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பவை, பூச்சியின் உடலுக்குள் தனி உயிரணுக்களில் வாழும் பாக்டீரியாக்கள்.

உள்வாழ் கூட்டுயிரிகள் எனப்படும் இவற்றை முறையாக ஆராய்ந்த ஜெர்மானிய விலங்கியலாளர் பால் புக்னரின் நினைவாக, அசுவினியின் பாக்டீரியாவுக்கு 1991இல் புக்னெரா எனப் பெயரிடப்பட்டது. பட்டாணி அசுவினியில் வாழும் புக்னெராவின் மரபணுத்தொகுதி, அதாவது அதன் மரபுச் செய்தி முழுவதும், 2000ஆம் ஆண்டு ஜப்பானிய அறிவியலாளர்களால் படித்தறியப்பட்டபோது, அதில் 6,40,681 கார இணைகளே இருந்தன. டி.என்.ஏ. ஏணியின் படிகளான கார இணைகள், உறவுமுறையில் நெருங்கிய குடல் பாக்டீரியாவான ஈ. கோலையில் ஏறத்தாழ 46 இலட்சம் உள்ளன. வெள்ளை ஈயில் வாழும் போர்ட்டியெராவிலோ அவை சுமார் 3.5 இலட்சமாகக் குறைந்துள்ளன.

இச்சுருக்கத்துக்குக் காரணங்கள் இரண்டு. பூச்சியின் உடலே உணவும் காப்பும் தருவதால், தனித்து வாழத் தேவைப்பட்ட பல மரபணுக்கள் பயனற்றுச் சிதைந்தன. ஆயினும் பூச்சிக்குத் தேவையான அமினோ அமிலங்களை ஆக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் காக்கப்பட்டன, ஏனெனில் அவற்றை இழந்த பாக்டீரியாவைச் சுமக்கும் அசுவினி தழைப்பதில்லை. அடுத்து, தாயிடமிருந்து மகளுக்குச் சில பாக்டீரியாக்களே கடந்து செல்வதால், தீங்கான மாற்றமும் தற்செயலாக நிலைத்துவிடுகிறது, டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் சிலவும் மறைந்தமையால் அத்தகைய மாற்றங்கள் மேலும் பெருகின. பாலினக் கலப்பற்ற உயிர்களில் பிழைகள் இவ்வாறு சேர்ந்துகொண்டே போவதைப் பின்னோக்கிச் சுழலாத பற்சக்கரத்துக்கு ஒப்பிட்டு விளக்கியவர் மரபியலாளர் ஹெர்மன் முல்லர்.

2002இல் இரு அசுவினி இனங்களின் புக்னெராக்களை ஒப்பிட்ட ஆய்வு, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளாக அவற்றின் மரபணு வரிசையில் இடமாற்றமோ புது வரவோ நேரவில்லை என்று காட்டியது. மரபணுக்கள் உதிர்ந்தன, எஞ்சியவை இருந்த இடத்திலேயே இருந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆய்வு வயலில் ஒரு ரகத்தின் குறையை இன்னொரு ரகத்தோடு கலந்து ஈடுசெய்ய இயலும். பருத்தி வளர்ப்பின் முன்னேற்றம் பெரிதும் அக்கலப்பில்தான் தங்கியுள்ளது. அதே வயலின் இலையடியில் வாழும் புக்னெராவுக்கோ மரபணுவைக் கொடுத்து வாங்க அயலார் இல்லை. பூச்சி தந்த பாதுகாப்பே பிற பாக்டீரியாக்களிடமிருந்து அதைப் பிரித்துவிட்டமையால், ஒருமுறை இழந்ததைத் திரும்பப் பெறும் வழியும் அதற்கு அடைபட்டது.