ராத்திரிச் சீட்டு

உசிலம்பட்டி வட்டாரத்தில் வயசாளிகளிடம் 'ரேகைச் சட்டம்' என்று சொன்னால் போதும், தங்கள் அப்பன் பாட்டன் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் சொல்வது குற்றப் பரம்பரைச் சட்டத்தை. வடக்கே 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அந்தச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914இல் கீழக்குடிக் கள்ளர்களைப் பிடித்தது. 1918இல் எங்கள் பிறமலைக் கள்ளர் மொத்தப் பேரும் அதற்குள் வந்துவிட்டார்கள்.

வயதுவந்த ஆண்கள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும். ராத்திரி ஊர்ச் சாவடியிலோ போலீஸ் கச்சேரியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். போகிற ஊரிலும் அதைக் காட்ட வேண்டும். சந்தைக்கு மாடு ஓட்டுகிறவனுக்கும் அதுதான், துஷ்டி கேட்கப் போகிறவனுக்கும் அதுதான். முறைத்தண்ணி நடுச்சாமத்தில் வந்தால் வயலுக்குப் பெண்கள்தான் போனார்கள். கல்யாணமான அன்று ராத்திரியும் என் தாத்தா சாவடியில்தான் படுத்தார் என்று அப்பத்தா சொல்வாள். அவர் மேல் ஒரு திருட்டு வழக்குகூடக் கிடையாது.

களவே நடக்கவில்லை என்று நான் சாதிக்க வரவில்லை. துப்புக்கூலி வாங்கிக்கொண்டு களவுபோன மாட்டைத் திருப்பிக் கொடுத்த கதைகள் எங்கள் பக்கம் உண்டு. களவாண்டவனைப் பிடி, விசாரி, ஜெயிலில் போடு. இன்ன வீட்டில் பிறந்தான் என்பதற்காக ஒருவன் விரலில் மை தடவ யாருக்கு உரிமை இருக்கிறது?

எங்கள் வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் ஜனங்கள் கேட்டதும் இதைத்தான். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி ரேகை எடுக்க போலீஸ் படை வந்தபோது, 'தரமாட்டோம்' என்று ஊரே திரண்டு நின்றது. துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் ஒருத்திதான் பெண். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊரில் சொல்கிறார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்தியே கொண்டுபோனதையும் சொல்கிறார்கள். ஜாலியன்வாலா பாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதைப் படித்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு இது ஆறாத வருத்தம்.

கள்ளர்களுக்காக வாதாடியவர் மலையாளத்துக்காரர், மதுரையில் வக்கீல் தொழில் பார்த்த ஜார்ஜ் ஜோசப். ஜனங்களுக்கு அவர் 'ரோசாப்பூ துரை'. அவர் நினைவாகப் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்த குடும்பங்கள் உண்டு. 1938இல் அவர் கண் மூடியபோதும் சட்டம் அப்படியேதான் இருந்தது. முத்துராமலிங்கத் தேவரும் ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசினார். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அதை ரத்து செய்தார்கள்.

'அந்தச் சட்டத்தால்தானே உங்களுக்குப் பள்ளிக்கூடம் வந்தது?' என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அப்படி வந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஒன்றில் படித்து, அதிலேயே வாத்தியாராக வேலை பார்த்தவன் நான். அந்தப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் எனக்கு எழுத்தே இல்லை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் பக்கத்து ஊர்களிலும் பள்ளிக்கூடம் கட்டினார்களே, அங்கெல்லாம் யாரையும் சாவடியில் படுக்க வைத்துவிட்டா கட்டினார்கள்?