நின்ற பெயரும் விரிந்த பொருளும்: பிரின்ஸ்டனின் உட்ரோ வில்சன் விருது

ஒரு பல்கலைக்கழகம் எதைப் பொதுத்தொண்டு என்று மதிக்கிறது என்பதை அறிய அதன் சாசனங்களைப் புரட்டுவதைவிட, அது யார் யாருக்கு விருது கொடுத்தது என்று பார்ப்பது மேல். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், தன்னிடம் இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு அளிக்கும் தலையாய விருது உட்ரோ வில்சன் விருது. விருதின் பெயர் மாறவில்லை. ஆனால் அதைப் பெறத் தகுதியானவர் யார் என்ற எண்ணம் பெரிதும் மாறிவிட்டது. அந்த மாற்றத்தின் தடத்தைப் பின்பற்றுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விருதின் வேர் 1896இல் இருக்கிறது. 1746இல் நியூஜெர்சிக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் அந்த ஆண்டு அக்டோபரில் தன் 150ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரையும் அப்போதுதான் சூடிக்கொண்டது. விழாப் பேருரை ஆற்றியவர், 1879இல் அங்கேயே பட்டம் பெற்றுப் பேராசிரியராகத் திரும்பியிருந்த உட்ரோ வில்சன். ‘நாட்டின் பணியில் பிரின்ஸ்டன்’ என்பது தலைப்பு. கல்வி என்பது நாட்டுக்குப் பயன்பட வேண்டியது என்ற அவரது கருத்து பல்கலைக்கழகத்தின் குறிக்கோள் வாசகமாகவே நிலைத்துவிட்டது. வில்சன் 1902 முதல் 1910 வரை பல்கலைக்கழகத் தலைவராகவும், அடுத்து நியூஜெர்சி ஆளுநராகவும், 1913 முதல் இரு முறை அமெரிக்க அதிபராகவும் இருந்தார்.

அவரது பிறந்த நூற்றாண்டான 1956இல், பெயர் வெளியிடாத ஒரு கொடையைக் கொண்டு விருது நிறுவப்பட்டது. கொடையோடு நிபந்தனையும் வந்தது: விருது வில்சன் பெயரைத் தாங்க வேண்டும், அந்தப் பணிக் கொள்கைக்கு எடுத்துக்காட்டாக வாழ்ந்த முன்னாள் மாணவருக்கே அது போய்ச்சேர வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் முன்னாள் மாணவர் நாளில் விருதாளர் சொற்பொழிவு ஆற்றுவது மரபு.

பட்டியலில் அரசுப் பதவியாளர்களுக்குப் பஞ்சமில்லை. சோவியத் ஒன்றியத்தைக் கட்டுக்குள் வைக்கும் கொள்கையை வகுத்த தூதர் ஜார்ஜ் கென்னன், வெளியுறவு அமைச்சர்களாக இருந்த ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ஜேம்ஸ் பேக்கர், பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், கூடைப்பந்து வீரராகப் புகழ்பெற்றுச் செனட்டரான பில் பிராட்லி ஆகியோர் அதில் உண்டு. நாட்டுப்பணி என்றால் வாஷிங்டனில் ஒரு பதவி என்ற எண்ணத்துக்கு இவர்கள் பொருந்துகிறார்கள்.

அந்த எண்ணத்தை உடைத்தது 1972ஆம் ஆண்டுத் தேர்வு என்பது என் கணிப்பு. அவ்வாண்டு விருது பெற்ற ரால்ஃப் நேடர், 1955இல் பட்டம் பெற்ற வழக்கறிஞர்; எந்தப் பதவியிலும் இல்லாதவர். கார்களின் வடிவமைப்பிலேயே ஆபத்து இருக்கிறது, உற்பத்தியாளர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை என்று 1965இல் அவர் எழுதிய நூல் நாட்டையே உலுக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் துப்பறிவாளர்களை அமர்த்தி அவரது சொந்த வாழ்க்கையைத் துருவியது. செய்தி வெளிவந்ததும், 1966இல் செனட் குழுவின் முன் அதன் தலைவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வாகனப் பாதுகாப்புக்கான கூட்டாட்சிச் சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது. ஆட்சியையும் பெருநிறுவனங்களையும் கேள்வி கேட்கும் குடிமகனும் நாட்டுப்பணி செய்பவனே என்று ஒரு பழைமையான பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது சிறிய காரியமல்ல.

1969இல்தான் பிரின்ஸ்டன் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. விருது ஒரு பெண்ணின் கைக்கு வர 1993 ஆயிற்று. அதைப் பெற்ற வெண்டி காப், அதுவரையிலான விருதாளர்களிலேயே வயதில் இளையவரும்கூட. 1989இல் தன் இளநிலை ஆய்வேட்டில், நல்ல பட்டதாரிகளை ஈராண்டு ஏழைப் பள்ளிகளில் கற்பிக்க அனுப்பலாம் என்ற திட்டத்தை அவர் முன்வைத்தார். மறு ஆண்டே சுமார் 500 ஆசிரியர்களுடன் ‘டீச் ஃபார் அமெரிக்கா’ களமிறங்கியது. சென்னையிலும் இயங்கிவரும் ‘டீச் ஃபார் இந்தியா’ அதே வழியில் பிறந்தது. பெரும்பாலும் வாழ்நாள் சாதனைக்கு மாலையிட்டுவந்த மேடை, தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆன முயற்சியையும் மதித்தது.

2014இல் விருது பெற்ற சோனியா சோட்டோமயர், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் போர்ட்டோ ரிக்கோ பெற்றோருக்குப் பிறந்தவர். 1976இல் பட்டம் பெற்றவர். லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களுக்குப் பல்கலைக்கழகப் பணிகளில் இடமில்லை என்று மாணவர் அமைப்பின் வழியாகக் கூட்டாட்சி அரசிடம் முறையிட்டவர்களில் ஒருவர். 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். விருது உரையில் அவர், குறிக்கோள் வாசகம் மானுடத்தின் பணி வரை விரிய வேண்டும் என்றார். 1996இல் ‘எல்லா நாடுகளின் பணியிலும்’ என்று நீட்டப்பட்டிருந்த வாசகம், 2016இல் ‘நாட்டின் பணியிலும் மானுடத்தின் பணியிலும்’ என்று மாறியது. பல்கலைக்கழகத்தைப் பற்றி முறையிட்ட மாணவியின் சொல்லே பின்னாளில் அதன் குறிக்கோளானது. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுவே.

அதற்கிடையே வில்சனின் மறுபக்கமும் விசாரணைக்கு வந்தது. அவர் தலைவராக இருந்த காலத்தில் கறுப்பின மாணவர்களுக்குப் பிரின்ஸ்டனில் இடமில்லை. அவர் அதிபரானபின் அஞ்சல் துறை, நிதித்துறை அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்கள் தனியே பிரிக்கப்பட்டார்கள். 2015 நவம்பரில் வில்சன் பெயரை நீக்கக் கோரி மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். 2016இல் அறங்காவலர்கள் பெயரைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஆனால் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்ட பின் 2020 ஜூனில் முடிவை மாற்றி, பொதுவிவகாரப் பள்ளியிலிருந்தும் மாணவர் விடுதிக் கல்லூரியிலிருந்தும் வில்சன் பெயரை நீக்கினார்கள்.

விருதில் மட்டும் பெயர் நின்றது. கொடையை ஏற்றபோதே சட்டப்பூர்வமான கடமையையும் ஏற்றுவிட்டோம் என்று பல்கலைக்கழகத் தலைவர் ஐஸ்குரூபர் வெளிப்படையாக விளக்கினார். இதைச் சாக்கு என்று தள்ள நான் தயாரில்லை. கொடுத்த வாக்கைப் பிற்காலத்து விருப்பத்துக்காக முறித்தால், அறக்கட்டளை எதுவும் நிலைக்காது. கொடைப் பத்திரம் கட்டியது பெயரைத்தான்; விருதாளரைத் தேர்ந்தெடுப்பவர்களின் கையை அது கட்டவில்லை. அந்தச் சுதந்திரத்தை அவர்கள் நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். 2019இல் விருது பெற்ற மெலடி ஹாப்சன், 1991இல் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்மணி. முதலீட்டுத் துறையின் முன்னணியாளர். வில்சன் பெயரைத் தாங்கியிருந்த விடுதிக் கல்லூரி இருந்த இடத்தில் எழும் புதிய கல்லூரிக்கு அவர் பெயரையே சூட்டுவதாகப் பிரின்ஸ்டன் 2020 அக்டோபரில் அறிவித்தது. கறுப்பினப் பெண் ஒருவரின் பெயரில் அங்கே அமையும் முதல் விடுதிக் கல்லூரி அது.