ஸ்டாக்பிரிட்ஜின் மூலப்பத்திரம்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற நம்மவர்களில் சிலர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஸ்டாக்பிரிட்ஜுக்கு, இலை உதிர்வதற்கு முன் மரங்கள் சிவப்பதைப் பார்க்கப் போயிருப்பீர்கள். சுமார் 2,000 பேர் வாழும் சிற்றூர். ஓவியர் நார்மன் ராக்வெல் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர் என்று சொல்லித்தான் அழைத்துப் போவார்கள். நான் 31 வருடம் பத்திரப் பதிவுத் துறையில் குப்பை கொட்டியவன். எந்த ஊரைப் பார்த்தாலும் இதன் மூலப்பத்திரம் எது என்றுதான் எனக்குப் புத்தி போகும். தேடிப் படித்தபோது தெரிந்தது, அந்த ஊர் வெள்ளைக்காரர்களுக்காக உண்டான ஊரே அல்ல.

ஹூசடோனிக் ஆற்றுப் பள்ளத்தாக்கு மொஹிகன் பழங்குடியினரின் பூமி. 1724இல் அவர்களுடைய தலைவர் கொங்கபாட்டும் இன்னும் சிலரும் பள்ளத்தாக்கின் தென்பகுதியை ஆங்கிலேயருக்குக் கிரயம் செய்து கொடுத்தார்கள். கிரயத் தொகை 460 பவுன், மூன்று பீப்பாய் சைடர், முப்பது குவார்ட் ரம். இந்த ரம் விஷயத்தைத்தான் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. அதே பத்திரத்தில் இரண்டு இடங்களை விற்காமல் தங்களுக்கென்று நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கேட்டஹுக் ஒன்று, வடக்கே நாக்டுகூக் இன்னொன்று. எதை விற்கிறோம், எதை விற்கவில்லை என்று தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள் அல்ல.

1734இல் ஜான் சார்ஜன்ட் என்ற பாதிரியார் அங்கே போய்ச் சேர்ந்தார். பிரிந்து கிடந்த மொஹிகன்கள் ஒரே ஊரில் குடியிருந்தால் போதனைக்கு வசதி என்று காலனி அரசு நினைத்தது. ஸ்கேட்டஹுக்கை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும், பதிலுக்கு மேலே ஆறு மைல் சதுரம் கிடைக்கும் என்று 1736இல் ஏற்பாடு. நம் பாஷையில் சொன்னால் பரிவர்த்தனை. ஆறுக்கு ஆறு மைல் என்றால் 23,040 ஏக்கர். அதில் பாதிரியாருக்கு அறுபதில் ஒரு பங்கு, பள்ளி ஆசிரியர் திமோதி உட்பிரிட்ஜுக்கு அறுபதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் தலைக்கு 384 ஏக்கர். இவர்கள் தவிர, விவசாயமும் குடித்தனமும் எப்படி நடத்துவது என்று மொஹிகன்களுக்குக் காட்டுவதற்காக நான்கு ஆங்கிலேயக் குடும்பங்கள். அவர்களுக்கும் நிலம். மீதி எல்லாம் மொஹிகன்களின் பொதுச் சொத்து. 1739இல் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற பெயரில் முறையான ஊரானது. கொங்கபாட்டும் உம்பச்சேனீயும் ஊர் நிர்வாகிகள்.

முன்மாதிரியாக வந்த நால்வரில் ஒருவர் எஃப்ரைம் வில்லியம்ஸ். குன்றின் மேல் வீடு கட்டினார். மகளைப் பாதிரியாருக்கே மணமுடித்துக் கொடுத்தார். பிறகு மெல்ல மெல்ல நிலம் சேர்க்க ஆரம்பித்தார்.

சட்டம் இருக்கிறதே, எப்படிச் சேர்க்க முடியும் என்று கேட்பீர்கள். சட்டசபையின் அனுமதியில்லாமல் பழங்குடியினரிடம் யாரும் நிலம் வாங்கக் கூடாது என்று மாசசூசெட்ஸில் அதற்கு வெகு காலம் முன்பே சட்டம் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் அனுமதி கேட்டு மனுப் போடுவதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்கிறோம் என்று ஒரு மனு, எல்லையைச் சரிசெய்கிறோம் என்று இன்னொரு மனு. மொஹிகன்கள் பாஸ்டனுக்குப் புகார் மனு அனுப்பினார்கள். 1751இல் சார்ஜன்ட்டின் இடத்துக்கு வந்த ஜோனதன் எட்வர்ட்ஸ் வில்லியம்ஸ் குடும்பத்தோடு வெளிப்படையாகவே மோதினார். வில்லியம்ஸ் 1753இல் ஊரை விட்டுப் போனார். அவர் போனாரே தவிர, பத்திரங்கள் அப்படியே நின்றன.

என் கணக்கில், இந்த வில்லியம்ஸை விடப் பெரிய காரியம் செய்தது பாகப்பிரிவினை. 1750 வாக்கில் பொது நிலத்தை அளந்து, மொஹிகன் குடும்பத் தலைவர்களின் பெயரில் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆங்கிலேயரின் ஆக்கிரமிப்பிலிருந்து காப்பாற்றத்தான் பிரித்தார்கள் என்று வாதிடலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் பொதுவாக இருந்தவரை ஒருவனுடைய கடனுக்கு ஊர் நிலம் போகாது. தனிப் பெயர் ஏறிவிட்டால் போகும். கடைக்காரனுக்குப் பாக்கி, வழக்குச் செலவு, ஆண்கள் போருக்குப் போய்விட்டு வரும்வரை வீட்டுச் செலவு என்று கடன் வளர்ந்தது. 1765இல் சட்டசபை, கடனைத் தீர்ப்பதற்காக மொஹிகன்கள் நிலத்தை விற்கலாம் என்று அனுமதித்தது. அதைக் கேட்டு மனுப் போட்டவர்களே மொஹிகன்கள்தான். வேறு வழி இருந்தால் போட்டிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றுக்குக் கதை தேவையில்லை, ஒரு வில்லங்கச் சான்று போதும். ஆனால் அங்கே வில்லங்கம் பார்ப்பது நம்மைப் போல் சர்வே எண்ணை வைத்து அல்ல. விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் என்ற அட்டவணைகளை வைத்துத்தான். பெர்க்‌ஷயர் கௌண்டி 1761இல்தான் பிறந்தது என்பதால் அதற்கு முந்தைய பத்திரங்களுக்கு ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் போக வேண்டும். மொஹிகன் பெயர்களை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவைத்தது இன்னொரு தலைவலி. கொங்கபாட் என்ற ஒரு பெயருக்கே எத்தனை எழுத்துக்கூட்டு! வாங்கிய ஆங்கிலேயன் பெயரில் மட்டும் குழப்பம் குறைவு. அட்டவணையில் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கலங்கலாகவும் இருந்தால், பிற்காலத்தில் யார் சொத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும் என்று உங்களுக்கே புரியும்.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் அந்த ஊர் மொஹிகன்கள் வாஷிங்டனின் பக்கம் நின்றார்கள். 1778 ஆகஸ்டில் கிங்ஸ்பிரிட்ஜில், இன்றைய நியூயார்க் நகரத்துக்குள், அவர்களில் பலர் மாண்டார்கள். மிஞ்சியவர்களுக்கு ஊரில் சொல்லிக்கொள்ளும்படி நிலம் இல்லை. 1780களில் நியூயார்க் மாநிலத்துக்குப் போனார்கள். ஒனைடா பழங்குடியினர் தங்கள் நிலத்தில் இடம் கொடுத்தார்கள். அதுவும் ஆறு மைல் சதுரம்! ஊருக்கு நியூ ஸ்டாக்பிரிட்ஜ் என்றே பெயர் வைத்தார்கள். அங்கேயும் நிலைக்கவில்லை. விஸ்கான்சினுக்குப் போய், இன்றும் ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி சமூகம் என்ற பெயரில் அங்கே இருக்கிறார்கள்.

பழைய ஊரில் அவர்களுடைய இடுகாட்டில் 1877இல் ஒரு கல்தூண் நட்டார்கள். 'நம் மூதாதையரின் நண்பர்கள்' என்று அதில் பொறித்திருக்கிறார்கள். 2022இல், ஸ்டாக்பிரிட்ஜை ஒட்டிய மான்யுமென்ட் மலையில் 351 ஏக்கரை ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி சமூகம் திரும்பப் பெறுவதற்கென்று மாநில அரசு 22 லட்சம் டாலருக்கு மேல் மானியம் ஒதுக்கியது. இந்த முறை கிரயத்தில் வாங்குபவர் பக்கம் அவர்கள் பெயர்.