பல் சிமெண்ட்: ஒன்றரை நிமிடக் கலவையின் கதை

சிமெண்ட் என்றதும் கொத்தனாரும் செங்கல்லும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பல் மருத்துவரின் மேசையிலும் ஒரு சிமெண்ட் உண்டு. சொத்தையான பல்லைச் சீவி அதன்மேல் மாட்டும் கேப் (கிரவுன்) கழன்று விழாமல் இருப்பது அதனால்தான். கேப்பை ஒட்டும் சிமெண்ட் படலத்தின் தடிமன் சோதனையில் 25 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது விதி. தலைமுடியைவிட மெல்லியது! அது கொஞ்சம் கெட்டியானால் கேப் சரியாக உட்காராது, இடுக்கில் மறுபடி சொத்தை வரும். நீர்த்துப் போனாலோ மிஞ்சிய அமிலம் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பைத் தொடும். ஆக, ஒரு பல் தப்புமா இல்லையா என்பது கலக்கும் கையில் இருந்தது.

கதையின் தொடக்கம்

1855-ல் பிரான்சைச் சேர்ந்த ஸ்டனிஸ்லாஸ் சோரல், துத்தநாக ஆக்சைடு பொடியைத் துத்தநாக குளோரைடு கரைசலில் குழைத்தால் கல்போல இறுகும் என்று காட்டினார். பல் மருத்துவர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது நரம்பை எரிச்சலூட்டியது, நாளடைவில் கரையவும் செய்தது.

1870-களின் இறுதியில் துத்தநாக பாஸ்பேட் சிமெண்ட் வந்தது. பொடி அதே துத்தநாக ஆக்சைடு, திரவம் பாஸ்பாரிக் அமிலம். முதலில் இதுவும் முரட்டுக் குதிரைதான். கலந்த உடனே கொதித்து இறுகிவிடும். பொடியை 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு வேகத்தைக் குறைத்தார்கள். திரவத்தில் அலுமினியமும் துத்தநாகமும் சேர்த்து அதை அடக்கினார்கள். அதன்பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இதுதான் ராஜா.

கண்ணாடிப் பலகையின் ரகசியம்

இந்த சிமெண்ட்டைக் குளிர்ந்த, கனமான கண்ணாடிப் பலகையில்தான் கலப்பார்கள். பொடியைப் பல சிறு பங்குகளாகப் பிரித்து, முதலில் மிகச் சிறிய பங்கைத் திரவத்தில் சேர்ப்பார்கள். பலகை முழுவதும் பரப்பித் தேய்ப்பார்கள். பிறகு அடுத்த பங்கு. மொத்தம் சுமார் ஒன்றரை நிமிடம்.

ஏன் இத்தனை பக்குவம்? இந்த வினையில் சூடு பிறக்கும். சூடு ஏறினால் சீக்கிரம் இறுகிவிடும், பொடியை முழுதாகச் சேர்க்க முடியாது. அகலப் பரப்பினால் சூட்டைக் கண்ணாடி வாங்கிக்கொள்ளும். அதனால் அதிகப் பொடியைச் சேர்க்கலாம். அதிகப் பொடி என்றால் அதிக வலிமை, குறைந்த அமிலம்.

பலகை அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் ஆபத்துதான். அதன்மேல் வியர்க்கும் நீர் கலவையைக் கெடுத்துவிடும். திரவப் புட்டியையும் திறந்து வைக்கக் கூடாது. காற்றின் ஈரத்தைப் பொறுத்து அதிலுள்ள நீரின் அளவு மாறிவிடும்.

கடைசியில் ஒரு சோதனை. கரண்டியைத் தூக்கினால் கலவை சுமார் இரண்டு சென்டிமீட்டர் நூலாக நீண்டு அறுபட வேண்டும். சர்க்கரைப் பாகில் கம்பிப் பதம் பார்ப்பது போலத்தான்!

நம் சமையலறையில் இருக்கும் கிராம்புக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. துத்தநாக ஆக்சைடைக் கிராம்புத் தைலத்தின் சாரமான யூஜினாலில் குழைத்த சிமெண்ட் நரம்புக்கு இதமானது. ஆனால் வலிமை குறைவு. அதனால் தற்காலிக கேப்புகளுக்கே அதிகம் பயன்பட்டது.

ஒட்டாததும் ஒட்டுவதும்

இங்கே ஒரு வேடிக்கை. நூறாண்டு ஆண்ட துத்தநாக பாஸ்பேட் உண்மையில் பல்லோடு ஒட்டுவதே இல்லை! பல்லிலும் கேப்பிலும் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

1968-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டென்னிஸ் ஸ்மித் பாஸ்பாரிக் அமிலத்துக்குப் பதிலாக பாலிஅக்ரிலிக் அமிலத்தைப் பயன்படுத்தினார். இந்த நீண்ட மூலக்கூறு பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. பெரிய மூலக்கூறு என்பதால் பல்லின் நுண்குழாய்களுக்குள் எளிதில் நுழைந்து நரம்பை வதைப்பதும் இல்லை. கலவை பளபளப்பாக இருக்கும்போதே கேப்பை மாட்டிவிட வேண்டும். பளபளப்பு போய்விட்டால் ஒட்டும் திறனும் போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்த ஆண்டே லண்டனில் அரசு வேதியியலர் ஆய்வகத்தின் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் அதே வகை அமிலத்தை ஃப்ளோரைடு உள்ள கண்ணாடிப் பொடியோடு சேர்த்தார்கள். 1972-ல் அது வெளியுலகுக்கு அறிமுகமானது. அதுதான் கிளாஸ் அயனோமர். பல்லோடு ஒட்டும், ஃப்ளோரைடையும் மெல்ல வெளிவிடும்.

கலக்கும் முறையும் தலைகீழானது. பரப்பித் தேய்க்கக் கூடாது. சிறிய இடத்தில், பிளாஸ்டிக் கரண்டியால், வேகமாக மடித்து மடித்துக் கலக்க வேண்டும். உலோகக் கரண்டி என்றால் கண்ணாடித் துகள் அதைச் சுரண்டிக் கலவையின் நிறத்தைக் கெடுத்துவிடும்.

1980-களின் நடுவில் தான்சானியாவில் மின்சாரமும் துளைக்கருவியும் இல்லாமலே பல்லைக் காப்பாற்றும் முறை ஒன்று தொடங்கியது. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, பிற்பாடு கிளாஸ் அயனோமரால் அடைத்தார்கள். 1994-ல் உலக சுகாதார நிறுவனமும் இதை ஆதரித்தது. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லாத ஊர்களில் பல் வாயிலேயே தங்கியது.

இன்று இயந்திரம் குலுக்கிக் கலக்கும் குப்பிகள் வந்துவிட்டன. ஆனால் மின்சாரம் எட்டாத கிராமத்தில் பொடியையும் திரவத்தையும் அளந்து கலப்பது இன்னும் கைதான். பல்லின் ஆயுள் அந்த அளவில்தான் இருக்கிறது.