வட்டமும் சதுரமும் சித்திரமான கதை

படுத்த முட்டை வடிவம் ஒன்று வயிறு. சரிந்த நீள்சதுரம் கழுத்து. அதன் நுனியில் சிறிய முட்டை, அதற்கு மேலே நீண்ட இரண்டு காது. கற்பிட்டித் தெருவில் நிற்கும் கழுதை கொப்பிக்குள் வந்துவிடும். இப்படிச் சொல்லிக் கொடுத்தால், "எனக்கு வராது" என்று ஒதுங்கும் பிள்ளையும் பென்சிலை எடுக்கும்.

வழி பழையதுதான். 13ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் வில்லார் த ஒன்கூர் என்பவர் தம் தோல் ஏட்டில் மனிதர், மிருகங்களின் உருவங்களுக்குள் முக்கோணங்களையும் சதுரங்களையும் கீறி வைத்தார். ஆனால் அது பெரியவர்களின் தொழிற்குறிப்பு.

அதைப் பிள்ளைகளுக்கென்று பாடமாக்கியவர் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசி. எழுத்துக்கு முன்னே வடிவம் வரவேண்டும் என்றார். 1803இல் அவர் வெளியிட்ட பாடநூலில் கோடு, கோணம், சதுரம், சதுரத்தின் பிரிவுகள் என்று பயிற்சி நீள்கிறது. எண்ணம் பெரியது, பாடமோ வறண்டது. பிள்ளை அன்றாடம் காணும் ஆடு, மாடு எதற்கும் அதில் இடமில்லை.

அவரிடம் இருந்து கற்ற ஜெர்மானியர் ஃபுரோபெல்தான் வடிவத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தார். 1837இல் பாட் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய அவரது பணியில் மரக்கோளமும் கனசதுரமும் விளையாட்டுச் சாமான்கள். கனசதுரத்தை நூலில் தொங்கவிட்டு வேகமாகச் சுழற்றினால் உருளையாகத் தெரியும். உருட்டி, அடுக்கி, சுழற்றிப் பார்த்த பிள்ளை பிறகு கட்டம் போட்ட சிலேட்டில் கீறியது. இன்றைய முன்பள்ளிகளின் வேர் அங்கேதான்.

இலங்கையில் சித்திரக் கல்விக்குப் புதுக்காற்று வந்தது 1920இல், பரிசோதகராக வந்த சார்ல்ஸ் வின்சரோடு. அவருக்குப் பின் டபிள்யூ. ஜே. ஜி. பீலிங் அதை முன்னெடுத்தார். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் நிறுவிய சித்திரக் கழகம் வின்சரின் பெயரையே தாங்கியது.

புத்தளம் கரையில் வடிவத்துக்குப் பஞ்சமே இல்லை. உப்பளப் பாத்தி சதுரம், பாய் முக்கோணம். ஆனால் களப்பு நீல நண்டின் ஓடு வட்டமல்ல. அகன்று, இரு பக்கமும் முள்ளாகக் கூர்ந்தது. அதைக் கையில் பிடித்துப் பார்த்த பிள்ளை, ரீச்சர் போட்ட வட்டத்தைத் தானே இழுத்துத் திருத்தும். அந்தத் திருத்தம்தான் சித்திரம்.

ரீச்சர்மாரே, அச்சடித்த தாளில் நிறம் தீட்ட வைப்பதற்கு முன் ஒரு நண்டை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். வட்டத்தை நீங்கள் கீறிக் காட்டுங்கள். மிச்சத்தைப் பிள்ளையிடம் விடுங்கள்.