டார்சி என்னும் பெயர்

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரஜுடிஸ்’ 1813இல் வெளிவந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிற எங்களுக்கு டார்சி என்றால் காதலன். முதல் தடவை படித்தபோது அப்படியில்லை. நடன விருந்தில் நாயகி எலிசபெத்தின் காதில் விழும்படியே அவளை மட்டம்தட்டுகிறானே, அந்த இடத்தில் எனக்கு அவன் பெயரே கசந்தது.

அந்தப் பெயரின் வேரிலும் செருக்குக்கு இடமுண்டு. பிரெஞ்சில் ‘டி ஆர்சி’, அதாவது ஆர்சி ஊர்க்காரர். ஆர்சி இருப்பது நார்மண்டியில். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அங்கே நிலம் பெற்ற குடும்பம் ஒன்று அந்த ஊர்ப்பெயரைச் சுமந்தது. 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே நிலக்கணக்கில், லிங்கன்ஷையர் பகுதியில் அதைக் காணலாம். காலப்போக்கில் ‘டி’ ஊர்ப்பெயரோடு கலந்துவிட்டது. நாவலில் டார்சியுடைய தாயின் சகோதரி லேடி கேத்தரின் டி பர்க். அவர் பெயரில் அது இன்னும் தனித்தே நிற்கிறது. குலப்பெருமையை அவர் அளவுக்குப் பேசுகிறவர் கதையில் வேறு யாருமில்லை. (அயர்லாந்தில் ‘கருத்தவன் வழிவந்தோர்’ எனப் பொருள்படும் குலப்பெயரும் டார்சி என்று ஆங்கிலமாயிற்று. அது தனிக் கிளை.)

2010இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆண் சுண்டெலியின் சிறுநீரில் பெண் எலிகளை ஈர்க்கும் புரதம் ஒன்றைக் கண்டறிந்து ‘டார்சின்’ என்று பெயரிட்டார்கள், இந்த நாயகனை நினைத்தே. நிலவுடைமைப் பெயர் ஈர்ப்பின் பெயராக மாறியது எங்கே?

என் கணிப்பில், அவனுடைய கடிதத்தில். காதலை எலிசபெத் மறுத்த மறுநாள் அதை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அடியில் கையெழுத்து: ஃபிட்ஸ்வில்லியம் டார்சி. ‘ஃபிட்ஸ்’ என்றால் மகன். ஃபிட்ஸ்வில்லியம் அவனுடைய தாய்வீட்டுக் குடும்பப்பெயர். ஊர் முழுக்க ‘மிஸ்டர் டார்சி’ என்றே அழைக்கும் மனிதன் இங்கே தன் முழுப்பெயரைத் தானே எழுதுகிறான்.

எலிசபெத் அதைக் கோபத்தோடு படித்து, மடித்து, உடனே மீண்டும் பிரிக்கிறாள். டார்சியைப் பற்றி அவளிடம் முன்பு பழி சொல்லியிருந்த விக்கம் பற்றிய பகுதியை வரிவரியாக எடைபோடுகிறாள். மனப்பாடம் ஆகிவிடும் அளவுக்குப் படிக்கிறாள். டார்சி அங்கே இல்லை. அவன் எழுத்து மட்டுமே இருக்கிறது. அவளுடைய மனம் மாறத் தொடங்குவது இந்த மறுவாசிப்பில்தான். அதனால்தான் ஒவ்வொரு முறையும், இறுதியில் அவர்கள் இணையும் காட்சியைவிட இந்த அத்தியாயத்தையே நான் அதிக ஆசையோடு எதிர்பார்க்கிறேன்.